ஏன் என்பதற்கு முன் எப்போது

அடியோடு செத்துப்போன கருவியைப் பழுது பார்ப்பது சுலபம். மீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அளந்துகொண்டே போனால், எங்கோ ஓரிடத்தில் மின்சாரம் நின்றுபோயிருக்கும். அங்கே கை வைத்தால் வேலை முடிந்தது. ஆளை அலைக்கழிப்பது இன்னொரு வகைக் கோளாறு. காலையில் முரண்டு பிடிக்கும், மாலையில் ஒழுங்காக ஓடும். வீட்டுக்காரர் தொட்டால் எழுந்திருக்காது, மெக்கானிக் வந்து தொட்டதும் சமர்த்தாக எழுந்து உட்காரும். "நேத்து வரைக்கும் இப்படித்தான் சார் பண்ணிச்சு" என்று சொல்லும் வீட்டுக்காரரை மெக்கானிக் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்.

தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். விட்டு விட்டு வரும் கோளாறுகளோடுதான் என் நடுவயது கழிந்தது. எழுபதைத் தாண்டிய பிறகு, வீட்டில் பூட்டிய ஒரு கம்ப்யூட்டர் அந்தப் பழைய பாடத்தை மறுபடி படிக்க வைத்தது. இந்த முறை அதில் கருவியைவிட மனிதர்களைப் பற்றிய பாடம்தான் அதிகம் இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

மழையில் கிளம்பிய லைன்மேன்

அந்தக் காலத்தில் தெருமுனைக் கம்பத்தில் ஒரு டிபி பெட்டி இருக்கும். வீடுகளுக்குப் போகும் போன் கம்பிகளெல்லாம் அதில்தான் திருகப்பட்டிருக்கும். மூடி சரியாகப் பொருந்தாத பெட்டிக்குள் மழைச்சாரல் இறங்கினால், திருகாணிகளுக்கு நடுவே ஈரம் படர்ந்து மின்சாரம் கசியும். போனில் கரகரவென்று சத்தம் வரும், அடுத்த வீட்டுப் பேச்சு கேட்கும், சில சமயம் மணியே அடிக்காது. புகார் பதிவாகி ஆள் போய்ச் சேர்வதற்குள் வெயில் அடித்து ஈரம் காய்ந்திருக்கும். டெஸ்ட் டெஸ்க்கிலிருந்து அளந்தால் லைன் சுத்தமாகக் காட்டும். "சோதித்தபோது சரியாக இருந்தது" என்று எழுதிப் புகாரை முடித்துவிடலாம். அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. அடுத்த மழைக்கு அதே வீட்டிலிருந்து அதே புகார் வரும்.

எங்களோடு ஒரு மூத்த லைன்மேன் இருந்தார். அவர் புகார்க்காரரிடம் "என்ன கோளாறு?" என்று கேட்க மாட்டார். "எப்ப எப்ப வருது?" என்றுதான் முதலில் கேட்பார். மழை என்று பதில் வந்தால் அன்றைக்குப் போக மாட்டார். வானம் இருட்டும்வரை காத்திருந்து, மற்றவர்கள் சைக்கிளை ஓரமாக நிறுத்தி ஒதுங்கும் நேரத்தில் ரெயின்கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்புவார். கோளாறு வீட்டில் இருக்கும்போது போனால்தானே அதைப் பார்க்க முடியும் என்பார். ஒரே நடையில் முடித்துவிட்டு வருவார். நாங்கள் வெயிலில் பலமுறை போய்ச் சாதிக்காததை அவர் மழையில் ஒரு முறை போய்ச் சாதிப்பார்.

ஆளுக்கு ஒரு யோசனை

என் தங்கையின் பேரன் திருச்சியில் பொறியியல் படிக்கிறான். கடையில் பூட்டி விற்கும் கம்ப்யூட்டர் வேண்டாம், நானே பூட்டுகிறேன் என்று கிளம்பி, சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கிப் பாகங்களை வாங்கி வந்தான். மதர்போர்டு ஒரு கடை, ப்ராசஸர் ஒரு கடை, கேபினட் இன்னொரு கடை. கூடத்துத் தரையில் பாய் விரித்து உட்கார்ந்து பூட்டினான். முதல் தடவை திரை ஒளிர்ந்தபோது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தன் கையால் செய்த பொருள் வேலை செய்யும்போது வரும் அந்தப் பெருமையை எந்தக் கடையும் விற்பதில்லை.

சில வாரம் போனது. ஒரு நாள் என்னிடம் வந்தான்.

"தாத்தா, சிஸ்டம் சில நாள் நல்லா ஆன் ஆகுது. சில நாள் ஃபேன் சுத்த ஆரம்பிச்சு அப்படியே நின்னுடுது. மறுபடி மறுபடி அமுக்கினா ஒரு வழியா வந்துடுது."

"எந்தெந்த நாள்டா?"

"அது தெரியல தாத்தா. சில நாள்."

அதற்குள் அவன் செய்யாத வைத்தியம் இல்லை. நண்பர்கள் ஆளுக்கு ஒன்று சொல்லியிருந்தார்கள். ராமைக் கழற்றி, அதன் தங்க நிற முனையை ரப்பரால் தேய்த்து மாட்டினான். இரண்டு நாள் ஓடியது. பிறகு பழைய கதை. போர்டில் இருக்கும் காசு வடிவ சிஆர்2032 பேட்டரியை மாற்றினான். அதுவும் சில நாள் ஓடி நின்றது. பாகங்களுக்கெல்லாம் மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டி வீக் என்று ஒருவன் சொல்ல, புதிதாக ஒன்று வாங்கி மாட்டினான். இப்போது மதர்போர்டையே வாரண்டிக்கு அனுப்பலாமா என்ற இடத்தில் வந்து நின்றிருந்தான். கைக்காசு கரைந்திருந்தது. அதைவிட, தான் பூட்டியதில்தான் ஏதோ தப்பு என்று தன் கையின் மேலேயே நம்பிக்கை கரைந்திருந்தது.

விட்டு விட்டு வரும் கோளாறு மனிதனை ஏமாற்றும் விதம் இதுதான். கடைசியாக எதைச் செய்தோமோ அதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்துவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று காலைக்கு ஒரு காலை தகராறு செய்யும் பெட்டி என்று வைத்துக்கொள்வோம். அதில் எதையுமே தொடாமல் விட்டால்கூட, அடுத்தடுத்து மூன்று காலை ஒழுங்காக எழும்ப நூற்றுக்குச் சுமார் 30 வாய்ப்பு இருக்கிறது. ரப்பர் போட்டுத் தேய்த்த பிறகு அந்த மூன்று நாள் வந்து அமைந்தால், ரப்பர்தான் காப்பாற்றியது என்று நம்பிவிடுவோம். அதே பெட்டி தொடர்ந்து பத்துக் காலை தற்செயலாக ஒழுங்காக எழும்பும் வாய்ப்பு நூற்றுக்கு 2-க்கும் குறைவு. ஆகவே, சரியாகிவிட்டது என்று சொல்ல எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பதை, கோளாறு எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது என்பதுதான் முடிவு செய்கிறது. நம் அவசரத்துக்கு அதில் இடமில்லை.

குடும்பங்களில் பரிகாரங்கள் பெயர் வாங்குவதும் இப்படித்தான். தானாக ஏறி இறங்கும் துன்பம் இறங்கும் நேரத்தில் எது கையில் இருந்ததோ, அது மருந்தாகிவிடுகிறது. அது மறுபடி ஏறும்போது மருந்தைக் குறை சொல்ல மனம் வராது. போட்ட அளவு போதவில்லை என்று இன்னும் கொஞ்சம் செலவு செய்வோம்.

பொத்தானுக்குப் பின்னால்

எதையும் மாற்றுவதற்கு முன், அந்தப் பொருள் நல்லபடியாக இருக்கும்போது என்ன செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். பையனை உட்காரவைத்து ஒரு தாளில் வரைந்தோம். அவனுக்குத் தெரிந்த விஷயங்கள்தான். வரிசையாக அடுக்கிப் பார்த்ததில்லை, அவ்வளவே.

பிளக்கைச் சொருகி ஸ்விட்ச் போட்டதுமே எஸ்எம்பிஎஸ் பாதி விழித்திருக்கும். ஊதா வயரில் 5 வோல்ட் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். நாம் அழுத்தும் பொத்தான் வீட்டு விளக்கின் ஸ்விட்ச் மாதிரி மின்சாரத்தை நேரடியாகத் திறந்துவிடுவதில்லை. போர்டிலுள்ள இரண்டு சின்ன ஊசிகளை ஒரு கணம் ஒன்றோடொன்று சேர்க்கிறது, அவ்வளவுதான். விண்ணப்பம் கொடுப்பது பொத்தானின் வேலை, உத்தரவு போடுவது போர்டு. போர்டு பச்சை வயர் வழியாக எஸ்எம்பிஎஸ்சுக்குச் சொல்லும். மஞ்சளில் 12, சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3 என்று வோல்ட்டுகள் எழும்பும். ஒவ்வொன்றும் நூற்றுக்கு 5-க்கு மேல் கூடவோ குறையவோ கூடாது. எல்லாம் நிலைப்பட்டுவிட்டது என்று பார்த்த பிறகு எஸ்எம்பிஎஸ் சாம்பல் நிற வயரில் "இனி நடக்கலாம்" என்று ஒரு சைகை அனுப்பும். அந்தச் சைகை வர பத்தில் ஒரு நொடியிலிருந்து அரை நொடி வரை ஆகலாம். அதுவரை ப்ராசஸர் அசையாது. அது அசைந்த பிறகுதான் பயாஸ் என்ற தொடக்க நிரல் எழுந்து ராம் இருக்கிறதா, டிஸ்ப்ளே இருக்கிறதா, டிஸ்க் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக ஆஜர் எடுக்கும். நாம் பொத்தானை அழுத்திவிட்டுக் காபி டம்ளரை எடுப்பதற்குள் இவ்வளவும் நடந்து முடிந்திருக்கும்.

கருவிகளுக்கு ஓடுவதைவிடக் கிளம்புவதுதான் கடினம். 1946இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் கணினியில் 17,000-க்கும் மேற்பட்ட வால்வுகள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை பழுதானது கணக்குப் போடும்போது அல்ல. ஆன் செய்து சூடேறும்போதும், ஆஃப் செய்து ஆறும்போதும்தான். அதனால் அந்த இயந்திரத்தை முடிந்தவரை அணைக்காமலே வைத்திருந்தார்கள். குளிர்ந்து கிடப்பது சூடாகும் அந்த இடைவெளியில்தான் பொருளின் பலவீனம் வெளியே வருகிறது. இன்றைய பெட்டியிலும் அப்படித்தான். பழசான எஸ்எம்பிஎஸ்ஸில் உள்ள கெப்பாசிட்டர்களில் ஈரச்சத்து வற்றிவிட்டால் குளிர்ந்த காலையில் கிளம்பத் திணறும். இரண்டு மூன்று முறை தட்டி எழுப்பிச் சூடேறியதும் நாள் முழுக்க ஓடும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் வீட்டில் திறக்கக் கூடாது. நம் வீட்டு 230 வோல்ட் அதற்குள் நேர்மின்சாரமாக மாறும்போது 300 வோல்ட்டைத் தாண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது கெப்பாசிட்டரில் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். வெளியே வரும் வயர்களை அளந்தே அதன் நலத்தைத் தெரிந்துகொள்ளலாம். எதை அறியவும் அதைப் பிளந்து பார்த்தாக வேண்டும் என்றில்லை.

நோட்டுப் புத்தகம்

"இனிமே எதையும் மாத்தாதே. பத்துப் பதினஞ்சு நாள் எழுதி வை" என்றேன். பையனுக்கு ஏமாற்றம். ஸ்க்ரூடிரைவரோடு வருவார் என்று நினைத்த தாத்தா பேனாவை நீட்டினால் யாருக்குத்தான் பிடிக்கும்? இளைஞர்களுக்குக் கவனிப்பது ஒரு வேலையாகவே படுவதில்லை. கை அசைந்தால்தான் காரியம் நடப்பதாக நினைக்கிறார்கள்.

இயற்பியல் மேதை ரிச்சர்ட் ஃபெய்ன்மன் சிறுவனாக இருந்தபோது அக்கம்பக்கத்து ரேடியோக்களைப் பழுது பார்த்தார். அதில் ஒரு ரேடியோ ஆன் செய்ததும் காது கிழியச் சத்தம் போடும். கொஞ்ச நேரத்தில் அடங்கி ஒழுங்காகப் பாடும். சிறுவன் அதைத் தொடாமல் அறையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தான். ரேடியோவின் சொந்தக்காரருக்குப் பொறுமை போனது. பையனோ, ஆரம்பத்தில் மட்டும் சத்தம் வருவானேன் என்று யோசித்துக்கொண்டிருந்தான். வால்வுகள் சூடாகும் வரிசையில் ஏதோ முன்பின் ஆகிறது என்று ஊகித்து, வால்வுகளைக் கழற்றி இடம் மாற்றிச் சொருகினான். சத்தம் நின்றது. அதுவரை சலித்துக்கொண்ட அந்த மனிதர், இந்தப் பையன் யோசித்தே ரேடியோவைச் சரிசெய்கிறான் என்று ஊரெல்லாம் சொல்லி அவனுக்கு வேலை பிடித்துக் கொடுத்தாராம். ஃபெய்ன்மன் தம் நினைவுக் குறிப்புகளில் சொல்லியிருக்கும் இந்தச் சம்பவத்தில் எனக்குப் பிடித்தது வால்வு மாற்றியது அல்ல, அந்த நடை.

கோளாறு வரும் நேரம்வரை பொறுமையாகக் கவனிப்பதை மருத்துவமும் கற்றுக்கொண்டிருக்கிறது. நெஞ்சு படபடக்கிறது என்று ஓடுவோம். ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்து இசிஜி எடுக்கும் அந்தச் சில நொடிகளில் இதயம் ஒழுங்காகத் துடிக்கும். ஒன்றுமில்லை, பயம்தான் என்று அனுப்பிவிடுவார்கள். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தைச் சேர்ந்த நார்மன் ஹோல்டர் இதற்கு வேறு வழி கண்டார். நோயாளி கருவியிடம் வருவதற்குப் பதில் கருவி நோயாளியோடு போகட்டும் என்று, துடிப்பை விடாமல் பதிவு செய்யும் கருவியை உருவாக்கினார். ஆரம்பத்தில் அது முதுகில் சுமக்க வேண்டிய மூட்டையாக இருந்தது. இன்று நம் ஊர் மருத்துவமனைகளில் மார்பில் ஒட்டி, இடுப்பில் சிறு பெட்டியாகக் கட்டிவிடுகிறார்கள். "ஹோல்டர் போட்டுப் பாத்துடலாம்" என்று டாக்டர்கள் சொல்வது அவர் பெயரைத்தான். மழையில் கிளம்பிய எங்கள் லைன்மேனுக்கு அவரைத் தெரியாது. அவருக்கும் இவரைத் தெரியாது. இருவரும் செய்தது ஒரே வேலை.

நோட்டில் கட்டம் போட்டோம். தேதி, நேரம், அதற்கு முன் எவ்வளவு நேரம் அணைந்திருந்தது, கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடியதா, ஆன் செய்தது யார், ஃபேன் சுற்றியதா, போர்டில் விளக்கு எரிந்ததா, எவ்வளவு நேரம் கழித்து நின்றது. பையன் கடைசி இரண்டு கட்டங்களையும் அலட்சியமாகப் பார்த்தான். "நின்னா நின்னதுதானே தாத்தா, எத்தனை நொடின்னு எதுக்கு?" என்றான். "எழுது. உனக்கு வேண்டாம்னு தோணுறதை முக்கியமா எழுது" என்றேன்.

நான்கு நொடி

நோட்டு நிரம்ப நிரம்பக் கோளாறு உருவம் எடுத்தது. முதல் செய்தி: தகராறெல்லாம் காலையில்தான். இதைக் கேட்டதும் எஸ்எம்பிஎஸ் கெப்பாசிட்டர் என்று சொல்லிவிடத் தோன்றும். இரவெல்லாம் குளிர்ந்த பெட்டி காலையில் திணறுகிறது என்றால் பொருத்தமாகத்தானே இருக்கிறது? ஆனால் எஸ்எம்பிஎஸ் புதிது. அதோடு, ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் தகராறு இல்லை. குளிருக்குக் கிழமை தெரியாது.

இரண்டாவது செய்தி பையன் அலட்சியம் செய்த கட்டத்தில் இருந்தது. நின்ற ஒவ்வொரு முறையும், ஃபேன் சுற்றத் தொடங்கி நான்கு நொடியை ஒட்டித்தான் நின்றிருந்தது. பலவீனப்பட்ட மின்சாரம் இப்படிக் கடிகாரம் பார்த்து நிற்காது. ஒரு நாள் உடனே, ஒரு நாள் பத்து நொடி கழித்து என்று தாறுமாறாக நிற்கும். நான்கு நொடி என்பது பழுதின் குணம் அல்ல, ஒரு விதியின் குணம். கம்ப்யூட்டர் திணறி நின்றுவிட்டால் பொத்தானை நான்கு நொடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் அணைந்துவிட வேண்டும் என்பது இந்தப் பெட்டிகளுக்கு எழுதிவைத்த விதி. நாம் எல்லோரும் அதைப் பயன்படுத்தியிருக்கிறோம். அப்படியானால் பெட்டி கோளாறு செய்யவில்லை. யாரோ பொத்தானை அழுத்திப் பிடித்திருப்பதாக நினைத்து, சொன்ன பேச்சைக் கேட்டு அணைந்துகொண்டிருந்தது.

மூன்றாவது செய்தி, ஆன் செய்தது யார் என்ற கட்டம். காலையில் பெட்டியைப் போடுவது என் தங்கை. கோயில் பூஜை ஒளிபரப்பைப் பெரிய திரையில் பார்த்துக்கொண்டே காய் நறுக்குவது அவள் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே கோயிலுக்குப் போய்விடுவாள், பையன் போடுவான். பெட்டி மேசைக்கடியில் இருந்தது. அவளுக்கு முட்டிவலி. குனியாமல், பக்கவாட்டிலிருந்து கட்டைவிரலால் பொத்தானின் கீழ் ஓரத்தை அழுத்துவாள். பையன் எதிரே உட்கார்ந்து நடுவில் அழுத்துவான். பிளாஸ்டிக் பொத்தானின் கீழ் விளிம்பில் வார்ப்பின்போது நீட்டிக்கொண்ட ஒரு சின்னப் பிசிறு இருந்தது. ஓரத்தில் அழுத்தினால் பொத்தான் சாய்ந்து, அந்தப் பிசிறு உறையில் மாட்டிக்கொண்டு திரும்பி வராது. மறுபடி மறுபடி அழுத்தும்போது எப்போதாவது விடுபடும்.

கண்டுபிடித்தாகிவிட்டது என்று துள்ளினான். நான் விடவில்லை. பொருத்தமாக இருக்கும் கதை எல்லாம் உண்மை ஆகிவிடாது. கேபினட்டில் ரீசெட் பொத்தானும் இருக்கிறது, அதுவும் இதே மாதிரி இரண்டு ஊசிகளைச் சேர்ப்பதுதான். பவர் பொத்தானின் வயரைப் பிடுங்கிவிட்டு, அந்த ஊசிகளில் ரீசெட் பொத்தானின் வயரை மாட்டச் சொன்னேன். செலவு எதுவும் இல்லை. பாட்டி வழக்கம்போல் ஓரத்தில்தான் அழுத்த வேண்டும் என்றும் சொல்லிவைத்தேன். கணக்குப்படி போதுமான காலைகள் போயின. ஒரு தடவைகூட நிற்கவில்லை. அப்போதும் முடிக்கவில்லை. பழைய வயரையே திரும்ப மாட்டி, "இப்ப அதை நிக்க வை" என்றேன். பொத்தானின் ஓரத்தை அழுத்தினான். ஃபேன் சுற்றியது, நான்கு நொடியில் நின்றது. அவன் முகத்தில் வந்த சிரிப்பு முதல் தடவை திரை ஒளிர்ந்தபோது வந்ததைவிடப் பெரியது.

ஒரு கோளாறை நீங்கள் விரும்பும்போது போகவைக்க முடிந்தால் மட்டும் போதாது. விரும்பும்போது வரவழைக்கவும் முடிந்தால்தான் அது உங்கள் கைக்குள் வந்ததாகப் பொருள். பிறகு பொத்தானைக் கழற்றி, உப்புத்தாளால் அந்தப் பிசிறைத் தேய்த்து வழவழப்பாக்கினான். மொத்த மருந்தும் அந்த ஒரு துண்டு உப்புத்தாள்தான்.

பக்கத்தில் நின்றவர் மேல் பழி

கருவியின் கதை இத்துடன் முடிந்தது. சொல்ல வந்தது இனிமேல்தான்.

நோட்டு எழுதத் தொடங்குவதற்கு முன்பே அந்த வீட்டில் ஒரு பேச்சு உலவிக்கொண்டிருந்தது. "பாட்டி தொட்டாலே சிஸ்டம் படுத்துடுது." விளையாட்டாகத்தான் சொன்னார்கள். என் தங்கையும் சிரித்தாள். ஆனால் கொஞ்ச நாளாகப் பெட்டியைத் தொடுவதற்கு முன் யாரையாவது கூப்பிடத் தொடங்கியிருந்தாள். தனக்கு இதெல்லாம் ராசியில்லை என்று சொல்லவும் ஆரம்பித்திருந்தாள். எழுபது வயதில் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டவள், இரண்டு மூன்று கேலியில் அதிலிருந்து பின்வாங்கிக்கொண்டிருந்தாள்.

அவர்கள் கவனித்தது தவறில்லை. அவள் தொடும்போதுதான் கோளாறு வந்தது, நோட்டும் அதையே சொன்னது. முடிவுதான் தவறு. கோளாறு வெளிப்படுவதற்கு ஒரு நிபந்தனை இருக்கும், கோளாறு பிறப்பதற்கு ஒரு காரணம் இருக்கும். இரண்டும் வேறு வேறு. அவள் விரல் நிபந்தனை, பிளாஸ்டிக் பிசிறு காரணம். மழை நிபந்தனை, பொருந்தாத மூடி காரணம். மழையை நிறுத்த யாரும் முயலவில்லை, மூடியைத்தான் மாற்றினோம். மனிதர்கள் விஷயத்தில் மட்டும் நாம் மழையோடு சண்டை போடுகிறோம்.

குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். பெரிய மருமகள் ஊரிலிருந்து வரும்போதெல்லாம் வீட்டில் சண்டை வருகிறது. அப்போது அவளுக்குக் குணம் போதாது என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அவள் வரும்போது மட்டுமே பேச்சில் எழும் அந்தப் பிரிக்கப்படாத நிலம், முப்பது வருஷத்துக்கு முன் வாய்விட்டுப் பேசாமல் போன ஒரு கணக்கு, இதெல்லாம் யார் கண்ணுக்கும் படுவதில்லை. அவள் வராமல் நின்றுவிட்டால் சண்டையும் நின்றுவிடும். பிசிறு அப்படியே இருக்கும், அடுத்து யார் விரல் படுகிறதோ அவர் மேல் பழி விழும்.

மாதத்தில் சில நாள் மட்டும் எரிந்து விழும் மகன் இருக்கிறான். முன்கோபி என்று பெயர் வைத்துவிடுகிறோம். அவன் எந்தத் தேதிகளில் எரிந்து விழுகிறான் என்று எந்த அம்மாவாவது காலண்டரைப் பார்த்தால், கடன் தவணை தேதி அங்கே நின்றுகொண்டிருக்கலாம். கணக்கில் மட்டும் சில பரீட்சையில் சறுக்கும் பிள்ளை இருக்கிறாள். கவனம் போதாது என்று டியூஷனை மாற்றுகிறோம், டீச்சரை மாற்றுகிறோம், பள்ளிக்கூடத்தையே மாற்றுகிறோம். சறுக்கிய பரீட்சைகளுக்கெல்லாம் பொதுவாக என்ன இருந்தது என்று கேட்பதில்லை. பாகம் பாகமாக மாற்றிக்கொண்டே போனால் ஒரு நாள் கோளாறு போகலாம். எதனால் போனது என்று தெரியாததால், அது திரும்பி வரும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

"ஏன் இப்படிப் பண்றே?" என்று கேட்டால் எந்த மனிதனும் தற்காப்புக்குப் போய்விடுவான். பெரும்பாலும் அவனுக்கே காரணம் தெரியாது. கேட்டவரின் வாயை அடைக்க ஏதோ ஒன்றைச் சொல்வான். "எப்பெல்லாம் இப்படி ஆகுது?" என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்வியில் குற்றச்சாட்டு இல்லை. கேட்பவரும் பதில் சொல்பவரும் ஒரே பக்கத்தில் உட்கார்ந்து எதிரே இருக்கும் கோளாறைப் பார்க்கலாம். என் வயதில் பல பிணக்குகளில் நடுவராக உட்கார்ந்திருக்கிறேன். "ஏன்" என்று ஆரம்பித்த பஞ்சாயத்துகள் நீண்டன. "எப்போது" என்று ஆரம்பித்தவற்றில் பாதி, பதில் சொல்பவர் வாயிலேயே முடிந்தன.

பிடிபடாதவை

எல்லாக் கோளாறும் இப்படிப் பிடிபட்டுவிடும் என்று நான் சொன்னால் நம்பாதீர்கள். எக்ஸ்சேஞ்சில் கடைசிவரை காரணம் தெரியாமலே போன புகார்கள் உண்டு. கம்ப்யூட்டரிலும் உண்டு. சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கும் ஒரு சாலிடர் விரிசல், எந்த மீட்டருக்கும் அகப்படாமல் வருஷக்கணக்கில் விளையாட்டுக் காட்டலாம். எத்தனை நாள் நோட்டெழுதினாலும் உருவம் எடுக்காத கோளாறோடு என்ன செய்வது?

அதற்கும் தொழிலில் ஒரு முறை இருக்கிறது. எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாத பெட்டியில், அது ஓடும் நேரத்திலேயே முதல் வேலையாகப் படங்களையும் பாடங்களையும் வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்து வைத்துவிட வேண்டும். காரணத்தை அதன் பிறகு நிதானமாகத் தேடலாம். நகல் இருந்தால் தேடும் கை நடுங்காது, கிடைக்காவிட்டாலும் நஷ்டமில்லை. பையனிடம் முதல் நாளே இதைத்தான் செய்யச் சொன்னேன்.

மனிதர்களோடும் அப்படியே. சில நாள் நன்றாகவும் சில நாள் முகம் கொடுக்காமலும் இருக்கும் தம்பி, அண்ணன், பழைய சினேகிதன் எல்லோருக்கும் உண்டு. காரணம் பிடிபடும் வரை, சமாதானம் முழுசாகும் வரை என்று நல்ல வார்த்தைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டிருக்காதீர்கள். அவர் நன்றாக இருக்கும் நாள் ஒன்று இந்த வாரத்திலும் வரும். அன்றைக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுங்கள், கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிடுங்கள், கேட்க வேண்டிய மன்னிப்பைக் கேட்டுவிடுங்கள். ஆராய்ச்சியை அதன் பிறகு எத்தனை நாள் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.